வியாபாரத் தகராறுக்கு வக்கீல் அமர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்கு போய்ச் சேர்ந்தும் பணம் வராதவர்கள், திரும்பி வந்த செக்கோடு நிற்பவர்கள், தொழில் கூட்டாளியோடு கணக்குத் தகராறில் இருப்பவர்கள், சம்மன் வந்து பதறுபவர்கள் என்று தமிழ்நாட்டில் சிறு, நடுத்தரத் தொழில் நடத்துபவர்களுக்கான பக்கம் இது. இவர்களில் பலர் தோற்பது நியாயம் இல்லாததால் நடப்பதில்லை. தேதி தவறிப்போவதாலும் காகிதம் கையில் இல்லாததாலும்தான். நல்ல வக்கீலை அடையாளம் காணவும் இதுவே வழி: உங்கள் கதையைக் கேட்பதற்கு முன் தேதிகளைக் கேட்கிறாரா என்று பாருங்கள்.

எந்தக் கட்டத்தில் வக்கீலைப் பார்க்க வேண்டும்?

பாக்கிக்காரருக்குக் கோபமாக முதல் மெசேஜ் அனுப்புவதற்கு முன்னால். பணம் வராத எரிச்சலில், "சரி, பத்து பர்சன்ட் டேமேஜ் கழிச்சுக்கோங்க, மீதியாவது போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுவார்கள். எழுதியவர் அதைச் சமரசம் என்று நினைப்பார். வழக்கில் எதிர்த்தரப்பு அதையே, சரக்கில் குறை இருந்ததை விற்றவரே ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டும். திவால் மனுவோடு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு (என்.சி.எல்.டி.) போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய அடி. நோட்டீஸுக்கு முன்பே தகராறு இருந்தது என்று எதிராளி காட்டிவிட்டால் அங்கே மனு நிற்காது.

பணம் கேட்டு வழக்குப் போட எவ்வளவு காலம் இருக்கிறது?

பொதுவாக 3 ஆண்டு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடன் தவணை இல்லாமல் விற்றிருந்தால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து. தவணை கொடுத்திருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து. 2023 மார்ச் 10 அன்று 60 நாள் தவணையில் சரக்கு கொடுத்திருந்தால் தவணை மே 9 அன்று முடிகிறது. வழக்கு 2026 மே 9க்குள் பதிவாக வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனிக் கெடு. "ரன்னிங் அக்கவுண்ட்தானே, கடைசி பில்லிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்" என்று நம்பி உட்கார வேண்டாம். இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பரஸ்பரக் கணக்குக்குத்தான் அந்தச் சலுகை. நீங்கள் சரக்கு அனுப்ப, அவர் அவ்வப்போது பணம் போடும் கணக்கு அந்த வகையில் சேராது.

கெடுவைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. 3 ஆண்டு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று. அதே காலத்துக்குள் அவர் கட்டிய பகுதித் தொகை இன்னொன்று. ஆனால் அந்தப் பணம் கட்டியது அவர் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். அதனால் ஆன்லைனில் பத்தாயிரம் போட்டார் என்றால் அதோடு விடாமல், ஒவ்வொரு மார்ச் 31க்கும் பாக்கி உறுதிக் கடிதம் ஒன்றில் கையெழுத்து, முத்திரை, தேதியுடன் வாங்கி வைப்பது நல்லது. கெடு முடிந்தபின் வாங்கும் வெறும் ஒப்புதல் செத்த கடனை எழுப்பாது. அப்போது "இன்ன தொகையைத் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதியே வேண்டும்.

செக் திரும்பிவிட்டது. அதற்கும் 3 ஆண்டு உண்டா?

பணம் கேட்கும் சிவில் வழக்குக்கு உண்டு. ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி குற்ற வழக்குப் போட நினைத்தால் கணக்கு நாள்களில் ஓடும். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பியதாக வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதிலும் கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம்; நோட்டீஸ் கெடுவைத் தவறவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. செக் இன்னும் செல்லுபடி காலத்துக்குள் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

நோட்டீஸிலும் புகாரிலும் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. செக் தொகையைத் தனியாகக் குறிப்பிடாமல் வட்டி, வக்கீல் செலவு எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டிக் கேட்பது. செக் கம்பெனிக் கணக்கில் இருக்க, டைரக்டர்மீது மட்டும் வழக்குப் போட்டுக் கம்பெனியை விட்டுவிடுவது. பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டு, அது சரியான முகவரிதான் என்று காட்ட எதுவும் இல்லாமல் நிற்பது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால் அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் வழக்கு. எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

எந்த நீதிமன்றம் என்பதைப் பொறுத்து வக்கீல் மாறுவாரா?

மாற வேண்டும். மோட்டார் விபத்து வழக்கில் கெட்டிக்காரர் வணிக வழக்கிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. உங்கள் தகராறு எங்கே போகும் என்பதைத் தெரிந்துகொண்டு ஆளைத் தேடுங்கள்.

வழக்குப் போடும் நாள்வரையிலான வட்டியையும் சேர்த்து மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ உள்ள வணிகத் தகராறுகள் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வரும். 2018 வரை இந்த வரம்பு 1 கோடியாக இருந்தது. சென்னை மாநகர எல்லைக்குள் எழும் வழக்கில் மதிப்பு 1 கோடியைத் தாண்டினால் உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவு. மதுரைக் கிளைக்கு இந்த ஆரம்ப அதிகார வரம்பு இல்லை; மற்ற மாவட்டங்களில் அந்தந்த வணிக நீதிமன்றங்கள்தான். உங்கள் பில்லின் அடியில் "கோயம்புத்தூர் நீதிமன்ற எல்லைக்குட்பட்டது" என்பது போல ஒரு வரி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் அந்த ஒரு வரி வழக்கு எந்த ஊரில் என்பதைத் தீர்மானித்துவிடும்.

ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவு (ஆர்பிட்ரேஷன்) இருந்தால், நேரே நீதிமன்றம் போனாலும் எதிராளி முதல் பதிலைத் தாக்கல் செய்வதற்கு முன்பே அதைச் சுட்டிக்காட்டி நடுவரிடம் அனுப்பச் செய்வார். அதற்குள் மாதக்கணக்கு வீணாகும். நடுவரை ஒரு தரப்பே தன்னிஷ்டத்துக்கு நியமிக்கும் பிரிவு செல்லாது என்பதைத் தெரிந்த வக்கீல் இங்கே உங்களுக்கு மிகவும் உதவுவார். ஃபைனான்ஸ் கம்பெனி ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட பிரிவு நிறையவே வரும்.

சொந்தமாக உற்பத்தி செய்பவராகவோ ஜாப் ஒர்க் போன்ற சேவை தருபவராகவோ இருந்து, உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவில் குறு அல்லது சிறு நிறுவனம் என்று இருந்தால், குறு சிறு தொழில் வசதியாக்க மன்றம் என்ற வழியை முதலில் யோசியுங்கள். 2006ஆம் ஆண்டு சட்டப்படி, எழுத்தில் எவ்வளவு தவணை கொடுத்திருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் வட்டி 18. மன்றத்தின் தீர்ப்பை எதிர்க்க வேண்டுமானால் வாங்கியவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பது முக்கியம். தகராறு வந்தபின் பதிவு செய்து பழைய பில்லுக்குப் போனால் அங்கேயே சிக்கும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 முதல் உத்யம் பதிவு கொடுக்கப்பட்டாலும் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்காகத்தான். இந்த வழிக்கு அதைக் கொண்டு வர முடியாது.

கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் மனு போடக் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி. 2020 மார்ச்சுக்கு முன்பு 1 லட்சமாக இருந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் அதைச் சொல்லுபவர் உண்டு. அப்படிச் சொல்லும் வக்கீலிடம் வழக்குக் கட்டைக் கொடுக்காதீர்கள்.

ஒருவருக்கு அனுபவம் இருக்கிறது என்பதை எப்படிச் சோதிப்பது?

விளம்பரத்தையும் இணையத்தில் வரும் "டாப் டென்" பட்டியலையும் விட்டுவிடுங்கள். வக்கீல்கள் தங்களை விளம்பரப்படுத்த பார் கவுன்சில் விதி 36 தடை விதிக்கிறது. ஆகவே அங்கே தெரிவதை வைத்துத் திறமையைக் கணிக்க முடியாது.

இ-கோர்ட்ஸ் செயலியும் இணையதளமும் இலவசம். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து வக்கீல் பெயரை அல்லது பார் பதிவு எண்ணைப் போட்டால் அவர் நடத்தும் வழக்குகள் வரும். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். நான்கைந்து வழக்குகளைத் திறந்து பாருங்கள். உங்களுடையதைப் போன்ற வணிக வழக்குகள் இருக்கின்றனவா? சாட்சி விசாரணை நடந்து தீர்ப்புவரை போனவை உண்டா? "முன்னிலை இல்லை, தள்ளுபடி" என்று முடிந்தவை அடுக்கடுக்காக இருந்தால் யோசியுங்கள்.

நேரில் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "எனக்கு எதிராக இதில் என்ன இருக்கிறது?" காகிதங்களைப் படித்தபின் இரண்டு பலவீனங்களையாவது சொல்பவரிடம் தைரியமாகப் போகலாம். படிக்காமலே "கண்டிப்பா ஜெயிச்சிடலாம்" என்பவரிடம் வேண்டாம். நீதிபதியைத் தெரியும் என்று சொல்பவர் அலுவலகத்திலிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

சீனியர் வக்கீலை நேரடியாக அமர்த்த முடியுமா?

உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ மூத்த வழக்கறிஞர் என்று அறிவித்தவர் வக்காலத்து தாக்கல் செய்யக் கூடாது. கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கு வாங்கவும் கூடாது. உங்கள் வக்கீல்தான் அவரை அழைத்து வாதாட வைப்பார். 40 லட்சம் பாக்கிக்கான வழக்கில் எல்லா வாய்தாவுக்கும் மூத்தவர் தேவையில்லை. இடைக்கால உத்தரவு, மேல்முறையீடு போன்ற கட்டங்களில் போதும்.

பேச்சுவழக்கில் "சீனியர்" என்றால் அலுவலகத்தின் தலைவர். அங்கே கேட்க வேண்டியது வேறு: குறுக்கு விசாரணையை யார் செய்வார்? ஜூனியர் செய்வதில் தவறில்லை, ஆனால் அந்த ஜூனியரை முன்பே பார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு பக்கத் தேதித்தாள். பர்சேஸ் ஆர்டர், பில், சரக்கு சேர்ந்தது, தவணை முடிந்தது, கடைசியாகப் பணம் வந்தது, கடைசியாகப் பேசியது என்று தேதி வரிசையில், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் காகிதம் சான்று என்ற குறிப்புடன்.

அதற்கடியில் காகிதங்கள். திருப்பூரில் நூல் விற்றவரை எடுத்துக்கொள்வோம். பில் இருக்கும்; ஆனால் பில் நீங்களே அடித்தது. சரக்கு அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு டெலிவரி சலானில் வாங்கியவர் ஆள் போட்ட கையெழுத்து, இ-வே பில், லாரி ரசீது மூன்றையும் தேடி எடுங்கள். சலானின் கார்பன் பிரதியில் கையெழுத்து மங்கியிருந்தால், உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1ல் ஏற்றிய அந்த பில்லுக்கு அவர் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருக்கிறாரா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். சரக்கே வரவில்லை என்று சொல்பவர் அதற்கு வரவு எடுத்திருந்தால் பதில் சொல்வது கடினம். கூடவே வங்கி ஸ்டேட்மென்ட், லெட்ஜர், கிரெடிட் நோட், டெபிட் நோட். உங்களுக்குப் பாதகமான கடிதத்தையும் மறைக்காமல் கொடுங்கள். வணிக வழக்கில் உங்களிடம் இருக்கும் ஆவணங்களை எல்லாம் பிராதோடு தாக்கல் செய்துவிட்டதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். பின்னால் ஒன்றைக் கொண்டுவர அனுமதியும் தகுந்த காரணமும் தேவைப்படும்.

வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் உங்கள் பகுதி ஒன்று, நிபுணர் பகுதி ஒன்று, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் ஹாஷ் மதிப்பும் இடம்பெறும். ஆகவே பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். உரையாடலை அழிக்கவும் வேண்டாம்.

தொழில் அமைப்புக்கான காகிதமும் தேவை. கம்பெனி என்றால் வழக்கில் கையெழுத்திட ஒருவரை அனுமதிக்கும் போர்டு தீர்மானம். தனி உரிமையாளர் என்றால் கடையின் பெயருக்குத் தனி சட்ட உருவம் கிடையாது. உரிமையாளர் பெயரில்தான் வழக்கு. கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) என்றால் பதிவுச் சான்று: பதிவாகாத கூட்டு நிறுவனம் வெளியாள்மேல் ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு தடையாக நிற்கும். வழக்கு நடக்கும்போது பதிவு செய்தால் பழைய குறை தீராது. நல்ல வக்கீல் இதை முதல் நாளே கேட்பார்.

கட்டணம் எவ்வளவு ஆகும்? ஜெயித்தபின் சதவீதம் தருகிறேன் என்று பேசலாமா?

பேசக் கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தொழில் ஒழுங்கு மீறல். சதவீதம் கேட்பவர் வேறு விதிகளை மீறவும் தயங்கமாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணம் ஆளுக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதி வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது: நோட்டீஸ், சமரச முயற்சி, தாக்கல், இடைக்கால மனு, சாட்சி விசாரணை, இறுதி வாதம், தீர்ப்பான பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனு. "முழு வழக்குக்கும் இவ்வளவு" என்று பேசினால் நிறைவேற்று மனு அதில் அடங்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அடங்காது.

நீதிமன்றக் கட்டணம் வேறு. தமிழ்நாட்டில் பணம் கேட்கும் வழக்குக்கு 3 சதவீதம். 2017 வரை 7.5 சதவீதமாக இருந்தது. 20 லட்சம் கேட்டால் 60,000 ரூபாய். வழக்கு நடக்கும்போது இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டாலும் இந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021ல் சொல்லியிருக்கிறது. சமரசம் ஆனதும் கட்டணம் திருப்பக் கேட்கும் மனுவைப் போடச் சொல்லுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

வக்கீல் தன் பில்லில் ஜி.எஸ்.டி. போடமாட்டார். விற்றுமுதல் வரம்பைத் தாண்டிய தொழில் என்றால் எதிர்முகக் கட்டண (ரிவர்ஸ் சார்ஜ்) முறையில் 18 சதவீதத்தை நீங்கள் கட்டி, தகுதி இருந்தால் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். நீதிமன்றக் கட்டணத்துக்குத் தனி ரசீது கேளுங்கள்.

வக்காலத்தில் கையெழுத்திடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வழக்கின் தரப்பினர் பெயரும் நீதிமன்றமும் நிரப்பப்பட்ட வக்காலத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாள், வெற்று முத்திரைத்தாள் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான அச்சு வக்காலத்துகளில் சமரசம் செய்யவும் பணம் பெறவும் அதிகாரம் கொடுக்கும் வரி இருக்கும். "எழுத்துமூலமான என் சம்மதம் இல்லாமல் சமரசம் கூடாது" என்று சேர்க்கச் சொல்லலாம். பணம் உங்கள் பெயருக்கே வர வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

தாக்கல் ஆனதும் எஸ்.ஆர். எண் என்ற தற்காலிகப் பதிவு எண் கிடைக்கும். அது வழக்கு எண் ஆகாது. குறை சொல்லிக் கட்டு திரும்பினால் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்யக் கெடு உண்டு. "போட்டாச்சு" என்ற பதிலோடு மாதங்கள் கரைவது இங்கேதான். எண் ஆனபின் வரும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொண்டால் அடுத்த வாய்தா என்ன என்பதை நீங்களே பார்க்கலாம்.

நேரே வழக்குப் போடாமல் சமரசத்துக்குப் போ என்கிறார் வக்கீல். தட்டிக்கழிக்கிறாரா?

இல்லை. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வணிக வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் செய்யாத பிராது நிராகரிக்கப்படும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் 1,000 ரூபாய் கட்டி மனு கொடுக்க வேண்டும். காலம் 3 மாதம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் 2 மாதம். இந்தக் காலம் 3 ஆண்டுக் கெடுவில் சேராது. எதிராளி வராவிட்டால் தோல்வி அறிக்கை கிடைக்கும், அதோடு வழக்குப் போடலாம். ஒப்பந்தம் ஆகிவிட்டால் அது நடுவர் தீர்ப்புக்குச் சமம், நேரே நிறைவேற்றிக்கொள்ளலாம். இதைத் தவிர்ப்பதற்காகவே பொய்யாக ஓர் அவசர மனுவைச் சேர்க்கும் உத்தியை நீதிமன்றங்கள் இப்போது கண்டுபிடித்துவிடுகின்றன.

என்மேல் வழக்கு வந்திருக்கிறது. என்ன அவசரம்?

சம்மன் கிடைத்த தேதியை உறைமேல் எழுதுங்கள். வணிக வழக்கில் எதிருரை 30 நாளுக்குள். நீதிமன்றம் அனுமதித்தால் அதிகபட்சம் 120 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது, உரிமையே போய்விடும். "மூன்று வாய்தா பார்க்கலாம்" என்ற பழைய பழக்கம் இங்கே உதவாது. ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டால் அதை ரத்துசெய்ய 30 நாளுக்குள் மனு போட வேண்டும். எதிராளி வழக்குப் போடப்போகிறார் என்று முன்பே தெரிந்தால் என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று கேட்கும் கேவியட் மனுவைப் போட்டு வைக்கலாம். அது 90 நாள் நிற்கும்.

வக்கீல் சரியாகக் கவனிக்கவில்லை. மாற்ற முடியுமா?

முடியும். அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிப் புதியவர் வக்காலத்து போடுவது வழக்கம். தர மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000த்திலேயே சொல்லிவிட்டது. பாக்கியைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தொழில் ஒழுங்கு மீறல் என்றால் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையம் போக முடியாது. 2024 மே மாதத் தீர்ப்பு அந்த வழியை அடைத்துவிட்டது. சாட்சி விசாரணைக்கு நடுவில் மாற்றுவதை முடிந்தவரை தவிருங்கள். குறுக்கு விசாரணை என்ன திட்டத்தில் போனது என்பது புதியவருக்குக் காகிதத்தில் முழுசாகத் தெரியாது.

தீர்ப்பு ஆகிவிட்டது. பணம் எப்போது வரும்?

தானாக வராது. நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு 12 ஆண்டு கெடு இருந்தாலும் ஒரு மாதம் தாமதித்தாலே சொத்து கை மாறலாம். நிறைவேற்று மனுவை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதைப் பறிமுதல் செய்வது என்று நீங்கள் சொல்லாவிட்டால் நீதிமன்றமும் ஜப்தி செய்யும் அதன் ஊழியரான அமீனாவும் எதுவும் செய்ய முடியாது.

ஆகவே வக்கீலை அமர்த்தும் நாளிலேயே ஒரு தனிக் கோப்பு திறக்கச் சொல்லுங்கள். பாக்கிக்காரர் முன்பு கொடுத்த செக்கின் நகலில் வங்கி, கிளை, கணக்கு எண் இருக்கும். ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துத் தேடினால் தொழில் நடக்கும் முகவரிகள் தெரியும். சொத்து இருக்கும் ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். அவருக்கு யார் பணம் தர வேண்டியிருக்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள், அந்தப் பணத்தை உங்களுக்குத் திருப்பிவிடக் கேட்கலாம். வழக்கு நடக்கும்போதே வில்லங்கத்தில் புதிய கிரயமோ அடமானமோ தெரிந்தால், தீர்ப்புக்கு முந்தைய ஜப்திக்கு மனு போட அதுவே சான்று. வெறும் சந்தேகத்துக்கு ஜப்தி கிடைக்காது. பாக்கிக்காரர் ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தைக் கழிக்கிறார் என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். வழக்கு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் எடுத்து அந்தக் கோப்பில் சேர்த்து வாருங்கள்.